நுரைக்காரி வீட்டுக் குழாய்

என் அண்ணிக்கு உலகத்தில் எது நல்லது, எது கெட்டது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் உண்டு. சோப்பைத் தேய்த்துப் பார்ப்பாள். நுரைத்தால் நல்லது. "நுரைக்காத தண்ணியும் கேட்டதுக்குப் பதில் சொல்லாத புருஷனும் ஒண்ணுதான். ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒரு வேலையும் நடக்காது" என்பாள், எதிரே இஸ்திரி மேசையில் நின்றுகொண்டிருக்கும் என் அண்ணனைப் பார்த்தபடி. அவன் சிரிப்பான். பதில் மட்டும் வராது.

தெருவில் அவளுக்கு நுரைக்காரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். சலவைக் கடை வாசலில் நின்று "நுரைக்காரி இருக்காங்களா?" என்று யாராவது கேட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தப் பெயர் எப்படி வந்தது, அதுவே எப்படி அவள் கழுத்தைப் பிடித்தது என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். நடுநடுவே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அவளுடைய நாத்தனார். கட்டியவன் கம்பி நீட்டிய பிறகு ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்த அன்று அண்ணி என் கையிலிருந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "அழணும்னா சீக்கிரம் அழுதுட்டு வா. லாட்ஜ் விரிப்பு மூட்டை வந்திருக்கு, பிரிக்கணும்" என்றாள். நான் அழவே இல்லை. அழுக்கு விரிப்புகளை உதறிப் பிரித்ததில் மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் நேரம் இருந்தது. அன்றிலிருந்து மூட்டை பிரிப்பது, யார் துணி என்று குறி போடுவது, பொத்தான் தைப்பது எல்லாம் என் வேலை.

வீட்டின் முன்பக்க அறைதான் கடை. அதில் ஒரு பக்கம் துணி வாங்கும் பலகை, மறுபக்கம் இஸ்திரி மேசை. அடுத்தது இயந்திரங்களும் சிமெண்ட் தொட்டிகளும் இருக்கும் சலவை அறை. அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். பின்புறத்தில் துணி காயப்போடும் கம்பிகள், ஒரு எலுமிச்சை மரம், ஒரு கிணறு.

அந்தக் கிணறு அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு ஜென்ம எதிரி. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால் கரிக்கும். சோப்பைத் தேய்த்தால் நுரைக்காது, கெட்டுப்போன பால்போலத் திரிதிரியாக மிதக்கும். கொண்டைக்கடலையை எத்தனை நேரம் ஊறவைத்து வேகவைத்தாலும் பல்லை உடைக்கும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படலம் கட்டும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. லாட்ஜ் மேலாளர் ஒருநாள் மூட்டையைப் பலகைமேல் போட்டு, "நான் குடுத்தது வெள்ளை விரிப்பு. நீங்க திருப்பிக் குடுத்தது சாம்பல் விரிப்பு. இது என்ன மாயம்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். கூட நாலு பேர் நின்று கேட்டார்கள். அண்ணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுவாரமே கையில் கிடந்த வளையல்களைக் கழற்றி விற்று, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

தெருவே கூடி நின்று பார்த்தது. பாறைத் தூள் கிளம்பி எல்லோர் தலையும் நரைத்துப்போனது. ஓரளவு ஆழத்திலேயே தண்ணீர் வந்துவிட்டது. வண்டிக்காரர் இயந்திரத்தை நிறுத்தி, "அக்கா, இதுவே நல்ல தண்ணி. இதுக்குக் கீழ வெறும் பாறை. நிறுத்திக்கலாம்" என்றார்.

"நுரைக்குதா?"

"அதெல்லாம் எனக்கு எப்படிங்க தெரியும்?"

இடுப்பில் செருகியிருந்த சோப்புக் கட்டியை எடுத்து அந்தத் தண்ணீரிலேயே தேய்த்துப் பார்த்தாள். திரிதிரியாகப் பிரிந்தது. "இன்னும் கீழ போங்க" என்றாள்.

பாறையைத் துளைத்துக்கொண்டு போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் பீய்ச்சி அடித்தது பாருங்கள், அடேயப்பா! அண்ணி சேறும் தூளுமாக நனைந்துகொண்டே போய்ச் சோப்பைத் தேய்த்தாள். முழங்கைவரை நுரை. அதை அப்படியே தூக்கிக் காட்டினாள். தெருவே கைதட்டியது. மளிகைக் கடைக்காரர் அன்றைக்குத்தான் முதன்முதலில் "நுரைக்காரி" என்று கத்தினார், பெயர் ஒட்டிக்கொண்டது.

நகரக் குழாய் எங்கள் பக்கம் வராமல் வெகு தூரத்திலேயே நின்றுபோயிருந்தது. இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. தெருவில் கிணறு இருந்ததும் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும்தான். அண்ணி கடைச் சுவரிலிருந்து தெருவைப் பார்த்து ஒரு குழாய் வைத்தாள். "இத்தனை பேர் கண்ணு பட்டிருக்கு. எல்லாரும் குடிச்சாத்தான் திருஷ்டி கழியும்" என்றாள். யாரிடமும் காசு வாங்கியதில்லை. கடலை பஞ்சாக வெந்தது, தலைமுடி சிக்கில்லாமல் அலச வந்தது, தேநீர் நிறம் மாறாமல் வந்தது. இதைவிட நல்ல தண்ணீர் என்று ஒன்று இருக்க முடியும் என்று யாருக்குத் தோன்றும்?

பழைய கிணற்றுக்கு ஒரு கல்பலகையைப் போட்டு மூடினாள். பலகையில் ஒரு ஓட்டை வைத்து, சலவை அறையின் கழிவுக் குழாயை அதற்குள் விட்டாள். "இத்தனை வருஷம் என்னைப் படுத்தின பாட்டுக்கு அழுக்குத் தண்ணி குடிக்கட்டும்" என்று கிணற்றைப் பார்த்துத் திட்டினாள். சாக்கடைக்குக் குழி தோண்டும் செலவும் மிச்சமானது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

சில வருஷம் போனதும் எலுமிச்சை மரம் காய்ந்தது. வெயில் என்றோம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் கிணற்றுத் தண்ணீர் வாடை அடிக்கிறது என்று மூடிவிட்டு எங்கள் குழாய்க்கு வந்தார். "அவருக்கும் நம்ம தண்ணி ருசி பிடிச்சுப்போச்சு" என்று அண்ணி பெருமைப்பட்டாள். மழைக்காலத்தில் பின்புறமெல்லாம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் எப்போது நின்றன என்று யாரும் கவனிக்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினோம்.

அண்ணனுக்கு முதலில் பிடித்தது இடுப்பு. நாள் முழுக்கக் கனத்த இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவனுக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்த்தோம். பிறகு கழுத்து. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டான், காலை மாற்றி மாற்றி வைத்து உடம்போடு திரும்புவான். "வழி விடுங்க, கதவு திறக்குது" என்று நாங்கள் கேலி செய்வோம். அவனும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் ஒருநாள் காலையில் சட்டை மாட்டக் கையைத் தூக்கினான். பாதியில் கை நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அண்ணிதான் ஓடிப்போய்ப் பிடித்து மெல்ல இறக்கினாள். அதற்குப் பிறகு யாரும் கதவு என்று சொல்லவில்லை.

போகாத வைத்தியரில்லை. ஒருவர் வாதம் என்றார், ஒருவர் வயது என்றார். வலி மாத்திரை கொடுத்து, "தண்ணி நெறைய குடிங்க" என்று அனுப்பினார் இன்னொருவர். குடித்தான், பாவி. சொன்னதைக் கேட்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. இஸ்திரி மேசையை அண்ணியும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலி அவனுக்கு வீடாகிவிட்டது. கழுத்து பின்னால் சாயாததால் டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியவில்லை. உறிஞ்சுகுழல் வைத்துக் கொடுத்தோம்.

அண்ணிக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் நடுவே ஒரு தலைமுறையே ஓடியிருக்கும். ஏன் இத்தனை இடைவெளி என்று யாராவது கேட்டால், "மிஷினை நிறுத்த நேரம் கிடைக்கல" என்பாள். பெரியவள் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு அப்போதுதான் பால்பல் ஆட ஆரம்பித்திருந்தது.

பெரியவளுக்குப் பல்லெல்லாம் கோடு கோடாகப் பழுப்பு. சின்ன வயதில் "ஒழுங்கா விளக்குடி" என்று அண்ணி அவளை அடித்திருக்கிறாள். உப்பு, கரித்தூள், எலுமிச்சைத் தோல் என்று தேய்த்து ஈறு கிழிந்ததுதான் மிச்சம். ஆனால் தெருவில் எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும் அதே நிறம்தான். அதனால் எங்கள் தெருவுக்குள் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தெருவைத் தாண்டினால்தான் அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள்.

லாட்ஜ் மேலாளர் நல்ல மனுஷன். "வரவேற்பு மேசையில ஒரு ஆள் வேணும், உங்க பொண்ணை அனுப்புங்க" என்றார். போனாள். எல்லாம் பிடித்திருந்தது அவருக்கு. "கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கணும்மா, அவ்வளவுதான்" என்றாராம். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் அவளை இழுத்துக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பல் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. பெரியவளின் வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்றார்.

"எங்க வீட்டு ஆழ்துளைக் கிணறுதான் டாக்டர். ரொம்ப நல்ல தண்ணி. காய்ச்சித்தான் குடிக்கிறோம்."

"காய்ச்சினா இது போகாது. தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும். வீட்ல யாருக்காவது இடுப்பு, கழுத்து பிடிச்சிருக்கா?"

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நீங்க மோவாயை நெஞ்சுல வச்சுக் காட்டுங்க" என்றார். இதென்ன வேடிக்கை என்று தலையைக் குனிந்தேன். பாதியில் நின்றது. இன்னும் அழுத்தினேன். முதுகில் ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. நெஞ்சுக்கும் மோவாய்க்கும் நடுவே ஒரு கையை நுழைக்கலாம். "ராத்திரி படுத்தது சரியில்ல" என்று சமாளித்தேன். டாக்டர் தலையை ஆட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். சோதித்த பிறகு கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். பாறைக்குள் வெகுகாலம் கிடந்த தண்ணீர் பாறையிலிருந்து ஃப்ளோரைடைக் கரைத்து வைத்துக்கொள்ளுமாம். கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது, எங்கள் தண்ணீரில் இருப்பது அளவுக்கு மேல் பல மடங்கு. நிறம் இல்லை, வாடை இல்லை, ருசி இல்லை. "பல்லு வெளிய தெரியுது, அதனால பாத்துட்டோம். எலும்பு உள்ள இருக்கு. பல வருஷம் குடிச்சா அதுலயும் போய்ச் சேரும்."

"எங்க தண்ணியில சோப்பு எப்படி நுரைக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அதுதாங்க. சுண்ணாம்புச் சத்து இருக்கிற தண்ணி நுரைக்காது, ஆனா அதுல இது அவ்வளவாத் தங்காது. நல்லா நுரைக்கிற ஆழத்துத் தண்ணியிலதான் பல இடத்துல இது அதிகமா இருக்கு. எல்லா ஊர்லயும் இப்படின்னு சொல்ல முடியாது, சோதிச்சாத்தான் தெரியும்." பிறகு கணக்குத் தீர்ப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரியவள் பல்லுக்கு மேல்பூச்சு போடலாம். அண்ணனுக்கு இறுகியது இறுகியதுதான், தண்ணீரை மாற்றினால் வலி மட்டுப்படலாம். "சின்னக் குழந்தை இருக்குன்னு சொன்னீங்களே, அவளோட பல்லு நெறைய இன்னும் உள்ளதான் உருவாகிட்டு இருக்கு. இன்னைக்கே மாத்துங்க. அவளைக் காப்பாத்திடலாம்."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அப்போது இயந்திரத்திலிருந்து விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு விரிப்பைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள். "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் தெருமுனை வரை நடந்துபோய்க் கேன் தண்ணீர் வாங்கி வந்தாள். அந்த வண்டி எப்போதாவதுதான் அந்தப் பக்கம் வரும், எங்கள் தெருவுக்குள் நுழையாது. கேனைச் சலவைத்தூள் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். சின்னவளுக்கு மட்டும் அதில் ஊற்றிக் கொடுத்தாள், பாட்டிலில் அடைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினாள். வெளியே குழாய் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரரின் பேத்தி, சின்னவளைவிட ஒரு வயது இளையவள், விளையாடிக் களைத்து வந்து குழாயில் வாயை வைத்துக் குடிப்பாள். அண்ணி பலகைக்குப் பின்னாலிருந்து பார்ப்பாள். கையில் இருக்கும் துணி அப்படியே நிற்கும். குழந்தை வாயைத் துடைத்துக்கொண்டு ஓடியதும் மறுபடி மடிப்பாள்.

எத்தனை நாள்தான் மென்று முழுங்குவது? ஒருநாள் எனக்குப் பொங்கிவிட்டது. "உங்க பொண்ணு பல்லு மட்டும்தான் பல்லா அண்ணி? மத்ததெல்லாம் சோளமுத்தா?" என்று கேட்டேன்.

"மூடிட்டா எங்கடி போவாங்க? நீ கூட்டிட்டுப் போயி ஊத்துவியா?"

"மூட வேண்டாம். விஷயத்தைச் சொல்லுங்க. தெரிஞ்சு குடிக்கட்டும்."

"என்னன்னு சொல்றது? தண்ணி கேட்டு வந்தவங்களுக்கு நான்தான் என் கையால பிடிச்சுக் குடுத்தேன். வேண்டாம்னவங்களைக்கூட வாயில ஊத்தாத குறை. உங்க அண்ணனுக்கு ராத்திரி தாகமா இருக்கும்னு தலைமாட்டுல செம்புல வச்சேன். நாந்தாண்டி வச்சேன்." கையிலிருந்த விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். லாட்ஜ் விரிப்பு.

வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா என்றாள் பெரியவள். "சொல்லி வித்தா யார் வாங்குவா? சொல்லாம வித்தா இந்தத் தண்ணியை இன்னொரு குடும்பத்துத் தலையில கட்டணும்" என்றாள் அண்ணி. தவிர, வெள்ளை விரிப்பு வெள்ளையாகத் திரும்பிப் போவதால்தான் எங்களுக்குச் சோறு. அதற்கு இந்தத் தண்ணீர் வேண்டும். துணிக்கு அமிர்தம், எலும்புக்கு நஞ்சு. குடிநீர் அலுவலகத்துக்குப் போய் நின்றோம். "உங்க தெருவுக்குக் குழாய் திட்டத்துல இருக்கு" என்றார்கள். திட்டத்தில் அது பத்திரமாக இருக்கிறது. மழைத் தண்ணீரைப் பிடிக்கலாமே என்றார் டாக்டர். வானம் அந்த வருஷம் பொட்டு மேகம் இல்லாமல் கிடந்தது. "உங்க அண்ணனால அண்ணாந்து பாக்கக்கூட முடியாது. நீயே பாத்துச் சொல்லு, வருதான்னு" என்றாள் அண்ணி. அவள் கேலியில் அப்போதெல்லாம் சிரிப்பு இருக்காது.

அப்புறம்தான் அவளுக்கு அது உறைத்தது. கிரைண்டரை நிறுத்துவதுபோல் பேச்சைச் சட்டென்று நிறுத்தினாள். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க? நுரைக்காத தண்ணியில இது தங்காதுன்னுதானே?"

"ஆமா."

"நம்ம பழைய கிணறு!"

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சலவை இயந்திரம் பழுது பார்க்க வந்திருந்த மெக்கானிக்கை அப்படியே பின்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப, நானும் அண்ணியும் தள்ள, கல்பலகை நகர்ந்தது. வாடை முகத்தில் அடித்தது. மெக்கானிக் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார். அண்ணி விலகவில்லை. கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கினாள். கீழே தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. இழுத்து மேலே வைத்தாள்.

தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. அதன்மேல் வாளி விளிம்புவரை நுரை.

சோப்பே போடவில்லை. வாளி விழுந்த வேகத்துக்கே நுரைத்திருந்தது. எத்தனையோ வருஷத்துச் சலவைத்தூளும், வெளுப்பானும், யார் யாரோ படுத்த விரிப்புகளின் அழுக்கும் அதற்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. எங்கள் மண்ணில் நுரைக்காத தண்ணீர் இருந்த இடத்தை நாங்களே அழுக்கால் நிரப்பியிருக்கிறோம். எலுமிச்சை மரமும், தையல்காரர் கிணறும், தவளைகளும் எங்கே போயின என்று அப்போது எனக்கு விளங்கியது. அண்ணி அந்த நுரையைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே கல்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "இதுவும் நுரைக்குதுடி" என்றாள். எழுப்பப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை, குடங்கள் வரிசையாக நின்ற நேரத்தில், வெளியே போய்க் குழாயை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகவில்லை. பல்லுக்கு ஏன் அந்த நிறம், அண்ணன் ஏன் நாற்காலியில் இருக்கிறான், கிணறு ஏன் கெட்டது, சின்னவளுக்கு மட்டும் கேன் தண்ணீர் கொடுத்தது, எல்லாம்.

கல்லெறிவார்கள் என்று நான் பயந்தேன். யாரும் நம்பவே இல்லை!

"நுரைக்காரி தண்ணியில குறையா? எவனோ உங்களுக்குக் காது குத்தியிருக்கான்" என்றார் மளிகைக் கடைக்காரர். "கேன் தண்ணி விக்கிறவன் வேலையா இருக்கும்."

"டாக்டர் சோதிச்சுச் சொன்னாங்கய்யா."

"பல் டாக்டருக்குத் தண்ணியைப் பத்தி என்னம்மா தெரியும்? இத்தனை வருஷமா குடிக்கிறோம், ஒருத்தர் செத்தாங்களா? கடலை எப்படி வேகுது! நீங்களே சோப்பு போட்டுக் காட்டினதுதானே?" பின்னாலிருந்து ஒரு பெண், "லாட்ஜுக்குத் தண்ணி பத்தலையா இருக்கும். நேரா சொன்னா என்னவாம்?" என்றாள். அண்ணியின் நல்ல பெயரே அவளுக்கு எதிராக நின்றுகொண்டு வாதாடியது.

அப்போது கடைக்குள் நாற்காலி நகரும் சத்தம். அண்ணன் எழுந்து வந்துகொண்டிருந்தான். வாசல் தாண்டி அவன் வெளியே வந்தே வெகுநாளாகியிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து, உடம்போடு தெருப்பக்கம் திரும்பினான். கேட்டதற்கே பதில் சொல்லாதவன், கேட்காமலே பேசினான்.

"எல்லாரும் மோவாயை நெஞ்சுல வைங்க பாப்போம்."

சிரித்தார்கள். "இது என்னண்ணே விளையாட்டு?" என்றபடி மளிகைக் கடைக்காரர் முதலில் குனிந்தார். பாதியில் நின்றார். ஒருமுறை செருமிக்கொண்டு மறுபடி குனிந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, தலை இறங்கவில்லை. தையல்காரர் குனிந்தார், அவர் நாள் முழுக்கத் தலை குனிந்து வேலை செய்பவர், அவருக்கும் பாதிதான். லாட்ஜைப் பற்றிப் பேசிய பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முயன்றாள், பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சிலருக்கு முடிந்தது. பலருக்கு முடியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் திரும்பியபோது, எத்தனை பேர் உடம்போடு திரும்புகிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தையல்காரரின் பேத்தி மட்டும் மோவாயை நெஞ்சில் இடித்து இடித்து, "எனக்கு வருது! எனக்கு வருது!" என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் அவளை வாரித் தூக்கிக்கொண்டார். தன் கிணற்றைப் பற்றி அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரி, இப்ப எதைக் குடிக்கிறது?" என்றுதான் கேட்டார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி முடித்திருப்பேன். கேன் வண்டிக்காரனிடம் பேசினார்கள், கொஞ்சம்தான் தர முடியும் என்றான். கடைசியில் மளிகைக் கடைக்காரர்தான் சொன்னார், குரல் இறங்கிப்போய். "நமக்கு ஆனது ஆச்சு. வர்ற கேன் பிள்ளைங்களுக்கு இருக்கட்டும். நாம வழக்கம்போல பாத்துப்போம்." அண்ணி சலவைக் கழிவுக்கு வேறு குழி வெட்ட ஆள் சொன்னாள். கிணறு தேற எத்தனை காலம் ஆகும் என்று கேட்டதற்கு வெட்ட வந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

அன்று சாயங்காலம் குடங்கள் மறுபடி வரிசையில் நின்றன. குழாயை அண்ணியேதான் திறந்துவிட்டாள். யாரும் நுரைக்காரி என்று கூப்பிடவில்லை. யாரும் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம் என்றாள் என்னிடம்.

உள்ளே அண்ணன் தண்ணீர் கேட்டான். அண்ணி சலவைத்தூள் மூட்டையை நகர்த்திக் கேனைத் தூக்கினாள். தண்ணீரை மாற்றினால் வலி மட்டுப்படும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். கேனின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, வண்டி எப்போது வரும் என்று தெரியாது. சின்னவள் ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"அது வேண்டாம். எனக்குக் குடத்துலருந்தே குடு" என்றான் அண்ணன்.

"வலி குறையும்னு சொன்னாங்களே."

"அவ பல்லு முளைக்கட்டும். அப்புறம் குறைச்சுக்கலாம்."

அண்ணி கேனைக் கீழே வைத்தாள். பிறகு குடத்தைச் சாய்த்து டம்ளரை நிரப்பி, உறிஞ்சுகுழலைப் போட்டு, அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். அவன் குடித்து முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.